டிக் என்று மட்டும் சொன்ன வண்டி

என்னிடம் பதினோரு வருடம் வண்டி ஓட்டியவரை ஒரு நாள் காலை, பட்டறையில் எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பேட்டரித் திருடன் என்று சொன்னேன். அவர் திருடவில்லை. இதை எழுதும்போதே எனக்கு வாய் கசக்கிறது. இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும். நான் சொன்ன அந்தச் சொல் எங்கெங்கே போயிருக்கிறது என்று எனக்கே இன்னும் முழுதாகத் தெரியாது.

சிங்காநல்லூர்ப் பக்கம் எனக்குச் சின்னதாக ஒரு லேத்துப் பட்டறை. பம்பு செட்டுக்கு வேண்டிய இரும்புப் பாகங்களைக் கடைந்து, துளை போட்டு, பெருந்துறையில் ஒரு கம்பெனிக்கும் மேட்டுப்பாளையத்தில் ஒரு மோட்டார் கடைக்கும் அனுப்புகிறோம். சரக்கெல்லாம் இரும்பு. சின்ன வண்டி தாங்காது என்று கனமான சரக்குக்கென்றே செய்த பிக்கப் ஒன்றை வாங்கினேன். அதற்கு இப்போது பதினாறு வயது. எஞ்சினில் இன்னமும் ஒரு குறை சொல்ல முடியாது. கியர் பாக்ஸில் முனகல் கிடையாது. ஒயரிங்கைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். அதைப் பேசினாலே எனக்குக் கை கழுவ வேண்டும்போல இருக்கும்.

ஒரு தடவை டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். சிவப்பு ஒயர் ஒன்று பாதி தூரம் போய் மஞ்சளாக மாறுகிறது. மஞ்சள், இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு உருண்டைக்குள் நுழைந்து பச்சையாக வெளியே வருகிறது. டேப்பின் பசை வெயிலில் உருகி வழிந்து, அதில் தூசி, எலிப் புழுக்கை, எப்போதோ செத்த கரப்பான் எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தன. தொட்டால் பிசுபிசு என்றது. சீ, மனிதன் கை வைக்கிற இடமா அது? ஏர் ஹாரன், சாமி படத்துக்கு நீல பல்பு, கேபினுக்குள் குட்டி ஃபேன், ரிவர்ஸ் எடுக்கும்போது பாடுகிற ஒரு பெட்டி என்று ஒவ்வொன்றாக நான்தான் மாட்டச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் எவனோ ஒருவன் ஓடுகிற ஒயரை நடுவில் சீவி, இன்னொன்றை அதில் முறுக்கி, டேப்பைச் சுற்றிவிட்டுப் போயிருக்கிறான்.

எலெக்ட்ரீஷியன்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறதே, அவர்களுக்கு ஒரே வசனம்தான் தெரியும். போனட்டைத் திறந்ததும் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இதை ஆருங்க கை வெச்சது?" என்பார்கள். கை வைத்தவன் உலகத்திலேயே பெரிய முட்டாள் என்கிற முகம். உப்பிலிபாளையம் பக்கத்தில் ஒருத்தரிடம் இரண்டாம் தடவை போனேன். அவரும் அதையேதான் கேட்டார்.

"நீதானப்பா கை வெச்சது. ஆறு மாசம் ஆவுது" என்றேன்.

கண் இமைக்கவில்லை மனுஷன். "அது அப்ப அவசரத்துல பண்ணினதுங்க" என்றார்.

ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால் இன்னும் கேவலம். ஃபியூஸ் இருக்க வேண்டிய இரண்டு இடங்களில் செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள். தோட்டத்து மோட்டார் ரூமில் ஃபியூஸ் போனால் இரண்டு இழை கம்பியைச் சுற்றிவிட்டு நடையைக் கட்டுகிற ஊர் எங்களுடையது. போகாமல் இருக்கட்டும் என்று நான்கு இழையாகச் சுற்றுகிறவர்களும் உண்டு. அதே புத்தி வண்டிக்குள்ளும் வந்துவிட்டது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. ஒன்றை நானே வைத்த ஞாபகம்.

இப்படிப்பட்ட வண்டியை வருடத்தில் ஒரு வாரம் மட்டும் நான் ராஜா மாதிரி வைத்துக்கொள்வேன். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் அது. எங்கள் பட்டறைகளில் அதற்கு மிஞ்சிய பண்டிகை இல்லை. மெஷின்களை நிறுத்தி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, எல்லாவற்றுக்கும் புதுப் பெயிண்ட் அடிப்போம். லேத்துக்குப் பச்சை. துளை போடும் மெஷினுக்குச் சாம்பல். வண்டியின் அடிச் சட்டத்துக்குக் கறுப்பு. அந்தக் கறுப்பு வேலையை நான் யாரிடமும் விடமாட்டேன். மற்றவர்கள் போல்ட்டுக்கு மேலேயே நாலு இழுப்பு இழுத்துவிட்டுப் போவார்கள். நான் கழற்றக்கூடியதைக் கழற்றி, அடியில் துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, காய்ந்த பிறகு திரும்ப மாட்டி, போல்ட்டின் தலையிலும் ஒரு கை அடிப்பேன். வேலை என்றால் சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஒரு திமிர்.

அந்த வருடமும் அப்படித்தான் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். டிரைவர் பக்கத்தில் குத்துக்காலிட்டுப் பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். போத்தனூர்க்காரர். என்னைவிட எட்டு வயது சின்னவர், அதிகம் பேசமாட்டார்.

"அண்ணா, பேட்டரி ஒயரு வந்து சேர்ற அந்தப் போல்ட்டுக்கு அடியில மட்டும் பெயிண்ட் வேண்டாங்களேண்ணா" என்றார்.

"ஏம்ப்பா, வண்டி உன்றதா, என்றதா?"

"உங்களுதுதானுங்கண்ணா."

"அப்பறமென்ன? அங்க மட்டும் துருப்புடிச்சுக் கெடக்கட்டும்ங்கறயா?"

அவர் டப்பாவை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் நீட்டினார். நான் அடித்து முடித்தேன். பூஜையன்று ஒவ்வொரு மெஷினுக்கும், வண்டியில் ஸ்டியரிங், சக்கரம், பேட்டரி, கண்ணுக்குத் தெரிந்த போல்ட் எல்லாவற்றுக்கும் என் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தேன். எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. நான் போட்ட சட்டம்தான். பூஜையில் வைத்த பொட்டை அடுத்த பூஜை வரை யாரும் துடைக்கக்கூடாது. அந்த இடத்தில் ஸ்பேனர் வைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

ஐப்பசி மழை ஆரம்பித்தது. வண்டிக்குப் பேய் பிடித்தது.

பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கத்து இண்டிகேட்டரும் மங்கலாக எரியும். ஹாரன் அடித்தால் ஹெட்லைட் கண் சொருகும். லைட்டைப் போட்டால் வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிடும். ஹீட் முள் காரணமே இல்லாமல் மேலே போய் மேலே போய் இறங்கும். பெருந்துறை ரோட்டில் அடைமழையில், வைப்பர் வேண்டுமா லைட் வேண்டுமா என்று தேர்ந்தெடுத்துக்கொண்டு வண்டி ஓட்டிய கொடுமையை நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அன்று டிரைவர் கேட்டார்.

"பேட்டரிகிட்ட இருக்கற அந்தப் போல்ட்ட ஒருக்காக் கழட்டிப் பாக்கட்டுங்களாண்ணா?"

"பூஜை போட்ட எடத்துல கை வெக்கற வேலை வேண்டாம். லைட்டு ஒயர எலி கடிச்சிருக்கும், அதப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். எலி கடித்தும்தான் இருந்தது. அதனால் நான் சொன்னது சரி என்று ஆகிவிட்டது.

கார்த்திகையில் ஒரு நாள் காலை சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். எஞ்சினைச் சுழற்றிவிடுகிற செல்ஃப் மோட்டார் எடுக்கவில்லை. மறுபடி திருப்பினால் மறுபடி டிக். அந்தச் சத்தத்தைப் போல மானங்கெட்ட சத்தத்தை நான் கேட்டதில்லை. திருப்பித் திட்டக்கூட முடியாது. பட்டறையில் இருந்த எட்டுப் பேரும் லேத்தை நிறுத்திவிட்டு வந்து தள்ளினார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டு அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்று, "இன்னிக்குமாங்க?" என்று கேட்கிற அளவுக்கு அது தினப்படி வழக்கம் ஆனது.

முதல் எலெக்ட்ரீஷியன் பேட்டரி செத்துப்போச்சு என்றார். புதுசு போட்டேன். இரண்டு வாரம் ஓடியது, பிறகு டிக். இரண்டாமவர், சார்ஜ் ஏற்றுகிற டைனமோ போச்சு என்றார். பிரித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் டிக். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி வைத்துக்கொண்டு மூன்றாமவர் நான்கு நாள் கண்ணிலேயே படவில்லை. மூவருமே வண்டிக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். அதில் ஒருவர் அந்தப் போல்ட்டைப் பார்த்துவிட்டு, "புதுப் பெயிண்டு, பொட்டு வெச்சு பளிச்சுன்னு இருக்குதுங்க. சாமிக்கு வெச்ச எடம், நான் தொடலீங்க" என்றார். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. கர்மம்.

இன்னொரு புது பேட்டரி போட்டோம். பத்து நாள் கழித்து அதையும் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனபோது, மூன்றாம் எலெக்ட்ரீஷியன் அதை இப்படியும் அப்படியும் புரட்டினார். மேலே ஒட்டியிருந்த சீட்டு மழையில் ஊறி உரிந்துபோயிருந்தது.

"இது புதுசாட்டத் தெரியலீங்களே. ஆராச்சும் மாத்திப்போட்டாங்களோ என்னமோ" என்றார்.

தான் கண்டுபிடிக்க முடியாததை யார் தலையிலாவது கட்ட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. முந்தின வாரம் டிரைவர் மேட்டுப்பாளையத்தில் சரக்கு இறக்க ஆள் கிடைக்காமல் ஒரு நாள் முழுக்க நின்றாரே. அன்றைக்கு என்ன நடந்திருக்கும்? இப்படி ஒன்றை நினைக்க ஆரம்பித்தால் அது தானாகவே வளர்கிறது. சட்டைப் பையில் அவர் போன் புதிதாகத் தெரிந்தது. பழைய போன்தான், உறையை மட்டும் மாற்றியிருந்தார் என்று பிறகு என் மனைவி சொன்னாள்.

பேட்டரியில் சார்ஜ் ஏற்றி மாட்டினோம். அடுத்த இரண்டாம் நாள் பெருந்துறைக் கம்பெனியிலிருந்து காலையிலேயே இரண்டு போன். பத்து மணிக்குள் சரக்கு வராவிட்டால் அவர்கள் வேலை நின்றுவிடும். ஒரு டன்னுக்குமேல் ஏற்றி முடித்தாயிற்று. டிரைவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

டிக்.

எட்டுப் பேரும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். சரக்கோடு வண்டி அசையவில்லை. கதவைப் பிடித்து இழுத்துத் திறந்தேன்.

"எறங்குடா கீழ" என்றேன். பதினோரு வருடத்தில் அவரை டா போட்டது அன்றுதான். "புது பேட்டரி எங்கடா?"

"வண்டியிலதானுங்கண்ணா இருக்குது."

"இது புதுசா? புதுசுன்னா பன்னண்டு நாள்ல சாவுமா? மேட்டுப்பாளையத்துல நாள் பூரா வண்டிய நிறுத்திப்போட்டு எவங்கிட்ட மாத்துனே?"

"நான் மாத்தலீங்கண்ணா."

"நீ மாத்தலே, நானும் மாத்தலே. அதுக்குக் காலு மொளைச்சு நடந்து போச்சா? திருட்டுத்தனம் பண்ணிப்போட்டு மூஞ்சியப் பாரு. பேட்டரித் திருடன்!"

உள்ளே ஓடவிட்டு வந்திருந்த கடைசி லேத்தையும் யாரோ போய் நிறுத்தினார்கள். டிரைவர் என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த சாவியைச் சட்டையில் துடைத்தார். எதற்குத் துடைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதைப் போனட்டின் மேல் வைத்தார்.

"சரக்கு மேல தார்பாய் இன்னும் கட்டலீங்கண்ணா. மழை வர்றாப்ல இருக்குது. கட்டச் சொல்லிப்போடுங்க" என்றார். அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துவிட்டார்.

மத்தியானம் சோறு போடும்போது என் மனைவி கேட்டாள். பட்டறையும் வீடும் ஒரே மதில் சுவருக்குள் என்பதால் அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"ஏனுங், நெசமாலுமே அவருதான் எடுத்தாருன்னு நெனைக்கறீங்களா?"

"பின்னே?"

"பதினோரு வருசமா நம்ம ஊட்டுச் சாவிகூட அவரு கையில இருந்துச்சுங்க. நாம ஊருக்குப் போனா அவருதான் வந்து லைட்டுப் போட்டுட்டுப் போவாரு. எடுக்கறவரு பேட்டரியத்தான் எடுப்பாருங்களா?"

"உனக்கு ஒன்னுந் தெரியாது, பேசாம இரு" என்றேன். பதில் இல்லாதபோது எனக்கு வருகிற பேச்சு அது. ரசம் ஊற்றாமலே எழுந்து போனாள்.

தற்காலிகமாக ஒரு டிரைவரைப் பிடித்தேன். மறுபடியும் ஒரு புது பேட்டரி. இந்தத் தடவை மேலே ஒட்டியிருந்த நம்பர் சீட்டைக் கிழித்து என் பையில் வைத்துக்கொண்டேன். பேட்டரிப் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கிப் பூட்டினேன். சாயங்காலம் ஆனால் வண்டியைப் பட்டறைக்குள் விட்டு ஷட்டரை இறக்கி, இரண்டு சாவியையும் என் இடுப்பில் செருகிக்கொண்டேன். இனி எந்தத் திருடன் வருகிறான் பார்க்கலாம் என்று சவால்.

ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. பட்டறையில் யாரும் இல்லை. சும்மா ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம் என்று ஏறினேன்.

டிக்.

இறங்கிப் போய்ப் பூட்டைப் பார்த்தேன். பூட்டியபடி இருந்தது. பையில் இருந்த சீட்டை எடுத்துப் பார்த்தேன், பேட்டரி மேல் பொறித்திருந்ததும் அதே நம்பர்தான். எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. கோபம்தான். திரும்ப ஏறி, வெறி பிடித்த மாதிரி பத்துப் பன்னிரண்டு தடவை சாவியைத் திருப்பினேன். டிக், டிக், டிக். எங்கேயோ லேசாகப் பெயிண்ட் தீய்கிற நாற்றம் வந்தது. குனிந்து வண்டிக்கு அடியில் போய், பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயரைக் கையால் தடவிக்கொண்டே வந்தேன். ஒயர் ஜில்லென்று இருந்தது. அது சட்டத்தில் சேரும் போல்ட்டில் விரல் பட்டதும் சுரீரென்று சுட்டது. கையை உதறினேன். விரல் நுனியில் குங்குமம் ஒட்டியிருந்தது.

முப்பது வருடம் லேத்தில் நின்றவன் நான். எங்கே சூடாகிறதோ அங்கேதான் கோளாறு என்று பட்டறைக்கு வருகிறவனுக்கெல்லாம் சொல்லிக் கொடுப்பவன். அந்த இடத்துக்கு எர்த்து என்று பெயர். வண்டியின் லைட், ஹாரன், வைப்பர், செல்ஃப், பேட்டரிக்கு சார்ஜ் ஏறுவது என எல்லாக் கரண்டும் அந்த ஒரு போல்ட் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பும். அங்கே இரும்பும் இரும்பும் வெறுமனே தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் ஒன்றும் இருக்கக்கூடாது.

ஸ்பேனரை வைத்துக் கழற்றினேன். பொட்டு உதிர்ந்தது. அதற்கு அடியில் கறுப்பு. ஒயரின் முனையைத் தூக்கினால் அதற்கு அடியிலும் வழவழவென்று கறுப்பு. பெயிண்டின் ஓரத்தில் மழைத் தண்ணீர் இறங்கி, செங்கல் தூள் மாதிரி துரு. ஆரம்பத்தில் போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் கரண்ட் போயிருக்கிறது, துரு ஏற ஏற அதுவும் அடைபட்டிருக்கிறது. புது பேட்டரி தன்னிடம் இருந்ததைச் செலவழித்துவிட்டுச் செத்திருக்கிறது. ஓடுகிற வண்டியில் அதற்கு சார்ஜும் ஏறவில்லை. எல்லாம் என் கைவேலை. சுத்தமான கைவேலை.

அரத்தால் ராவி, எமரி பேப்பர் போட்டுத் தேய்த்தேன். வெள்ளை வெளேரென்று இரும்பு தெரிந்தது. ஒயரை வைத்து முறுக்கினேன். தேய்க்க ஆன நேரம் ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட இருக்காது. செத்துக் கிடந்த பேட்டரியைக் கழற்றிச் சார்ஜரில் போட்டு, மத்தியானம் எடுத்து மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. வைப்பர் வேகமாக ஆடியது. ஹெட்லைட் எதிர்ச் சுவரில் பளீரென்று அடித்தது. ஷட்டர் ஓரமாகப் போய்த் துப்பினேன்.

மனசு பொறுக்காமல் அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு போத்தனூருக்குப் போனேன். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தில் வீடு. நான் இறங்குவதற்குள் டிரைவர் வாசலுக்கு வந்துவிட்டார். அந்த எஞ்சின் சத்தம் அவருக்குத் தெரியாதா? என்னைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தார்.

"ஒரே சாவில எடுத்துச்சுங்களா?"

"ம்" என்றேன்.

"எர்த்துங்களா?"

எனக்கு அப்போதும் கோபம்தான் வந்தது. என் புத்தி அப்படி. "தெரிஞ்சிருந்தா அன்னைக்கே வாயத் தொறந்து சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?" என்று கத்தினேன்.

"பெயிண்ட் அடிக்கறப்பவே சொன்னனுங்கண்ணா. மழையில ஒருக்காக் கேட்டனுங்க. பூஜை போட்ட எடம்னுட்டீங்க. அதுக்கப்பறம் திருடன்னு சொல்லிப்போட்டீங்க" என்றார். குரல் உயரவே இல்லை. "திருடன்னு பேரு வாங்கினவன் போல்ட்டப் பத்தி என்னங்கண்ணா பேசறது?"

அவர் மனைவி உள்ளிருந்து எட்டிப் பார்த்து, "வாங்கண்ணா, ஏன் வெளியிலயே நிக்கறீங்க, உள்ள வந்து உக்காருங்க" என்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். காப்பி வந்தது. எங்கள் பக்கத்து மரியாதை இருக்கிறதே, திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்தக் காப்பியை முழுங்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தப்புப் பண்ணிப்போட்டேன். திரும்ப வந்துருப்பா" என்றேன்.

"அது வேண்டாங்கண்ணா. மேட்டுப்பாளையத்துல காய்கறி மண்டில ஒரு வண்டி கெடைச்சிருக்குதுங்க. அதுக்கு முன்னால ரெண்டு எடத்துல கேட்டனுங்க. பேட்டரி எடுத்த ஆளான்னு கேட்டு அனுப்பிச்சுட்டாங்க." வாசலில் நின்ற வண்டியை ஒரு தடவை பார்த்தார். "நீங்க என்ற ஊட்டுக்கு வந்து சொன்னது எனக்குப் போதுமுங்க. ஆனா அன்னைக்கு அங்க எட்டுப் பேரு கேட்டாங்க. அவங்ககிட்டயும் சொல்லிப்போடுங்கண்ணா."

மறுநாள் காலை அவரை வரச் சொன்னேன். வந்து கேட் ஓரமாக நின்றார். எல்லா லேத்தையும் நிறுத்தச் சொல்லிவிட்டு எட்டுப் பேரையும் கூப்பிட்டேன். "பேட்டரிய ஆரும் எடுக்கலே. எர்த்துல பெயிண்ட் அடிச்சது நானு. அவரு வேண்டாம்னாரு, நாந்தான் கேக்கலே. அவரத் திருடன்னு சொன்னது என்ற தப்பு" என்றேன். திருடன் என்று கத்தியபோது எனக்கு வார்த்தை கொட்டியது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை தடுமாறினேன்.

டிரைவர் தலையை ஆட்டினார். வண்டிக்கு அடியில் குனிந்து போல்ட்டை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். "மேல கொஞ்சம் கிரீஸ் தடவிப்போடுங்கண்ணா. இல்லீன்னா மறுக்காத் துருப்புடிச்சுக்கும்" என்றார். பிறகு, நேரமாகிறது என்று பஸ்ஸுக்குப் போய்விட்டார். பாவத்தைக் கழுவிவிட்டோம் என்று நான் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். இப்போது நினைத்தால் அதுவும் அசிங்கமாக இருக்கிறது.

அடுத்த பூஜைக்கு ஒரு மாதம் இருக்கும்போது மேட்டுப்பாளையத்துக்குச் சரக்கு போட நானே வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். மண்டி வழியாகத் திரும்பும்போது முன்னால் ஒரு லாரி வழியை மறித்துக்கொண்டு நின்றது. கேரட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மூட்டை தூக்குகிற ஒருவர் கையைத் தட்டி உரக்கக் கூப்பிட்டார்.

"ஏ பேட்டரி! பின்னால வண்டி நிக்குது, கொஞ்சம் முன்ன எடப்பா!"

டீ கிளாஸோடு நின்றிருந்த ஒருவர் சட்டென்று திரும்பினார். அவரவர் பெயரைக் கூப்பிட்டால் எப்படித் திரும்புவோமோ அப்படி. என்னுடைய டிரைவர்தான். என்னைப் பார்த்ததும் சிரித்து, "வாங்கண்ணா, வண்டி நல்லா எடுக்குதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஓடிப்போய் லாரியில் ஏறினார்.

நான் இறங்கி அந்த மூட்டைக்காரரிடம் போனேன். "ஏனப்பா, அவர ஏன் அப்படிக் கூப்படறே?" என்றேன்.

"எப்படிங்க?"

"பேட்டரின்னு."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தார். "தெரியலீங்களே. நான் வந்ததுல இருந்து எல்லாரும் அப்படித்தான் கூப்படறாங்க. அவரு பேரே அதுதானுங்களே?"

அவருடைய பெயர் அது இல்லை என்று சொன்னேன். சொந்தப் பெயரையும் சொன்னேன். "அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டு அடுத்த மூட்டைக்கு முதுகைக் கொடுத்தார். லாரி முன்னால் நகர்ந்து வழி விட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ஒரே சாவியில் எடுத்துவிட்டது.